சுவரில் மாட்டிய வம்சாவளிச் சான்றிதழ்

என்னங்க,

ஏழு தலைமுறை ராஜ வம்சத்தின் கடைசி வாரிசு இன்று காலை காலமானார். குளியலறை வாளிக்குப் பக்கத்தில், என் பழைய துண்டின் மேல். நீங்கள் அசந்து தூங்கினீர்கள், எழுப்பவில்லை. அடக்கம் செய்ய எடுத்துப் போகிறேன்.

எட்டு வார நாய்க்குட்டி என்றுதானே விற்றவன் சொன்னான்? வாங்கிய அன்று நான்கு வாரம்கூட ஆகியிருக்காது என்கிறார் கால்நடை டாக்டர். பால் குடி மறக்கும் முன்பே பிரித்திருக்கிறான்.

பதினோரு மணிக்கு விலங்கு நல அலுவலர் வருகிறார். கூடத்தில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிய சான்றிதழைக் கழற்றிக் கொடுங்கள். விற்றவன் போன் நம்பரையும் கொடுங்கள். "ஏமாந்தது ஆபீஸ்ல தெரிஞ்சா என் மானம் போயிடும்டி" என்று நேற்று கத்தினீர்கள். போகட்டுமே. அந்தத் தாய் நாய் இன்னும் அவன் கூண்டில்தான் கிடக்கிறது. நாம் வாயை மூடிக்கொண்டால் அடுத்த ஈற்றுக் குட்டிகளையும் இப்படித்தான் விற்பான்.

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது. பட்டினி கிடக்காதீர்கள். நீங்களும் அழுதீர்கள், எனக்குத் தெரியும்.

பி.கு.: அடக்கத்துக்குப் பதிவு செய்யப் போன் செய்தபோது பெயர் கேட்டார்கள். பத்து நாளாக எல்லோரிடமும் இனத்தின் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். குட்டிக்கு நாம் பெயரே வைக்கவில்லை.