சட்டியில் தூங்காத விதை

ரதீம் கண்ணுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் சுகம், பாதி சுகம் என்றே வைத்துக்கொள். உன் கால்கரி ஊர்க் குளிரில் காதை மூடித் தொப்பி போடுகிறாயா? முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், சிரிக்காதே. நீ அங்கே மலையில் பொறுக்கி அனுப்பினாயே ஜென்ஷியன் விதை, கசப்பு வேர் நீலப்பூ, அதை அப்பா ஊன்றிய சட்டியை நான் கொட்டிவிட்டேன். ஒன்றரை வருஷமாய் ஜல்லியும் பாசியும்தான் தெரிந்தது, சமையலறை ஜன்னலில் வெங்காயத்தாள் தொட்டிக்கு மண் பற்றவில்லை, அதில் தட்டிவிட்டேன். பெயர்ச்சீட்டு கையோடு வந்தபோதுதான் திக்கென்றது.

மறுநாள் அப்பாவுக்கு நெஞ்சில் அறுவை. மயக்கம் தெளிந்து முதலில் விசாரித்தது என்னையா? சட்டியை. "ஸ்டெனா, பாவம்னு உள்ள கொண்டுவந்துடாதே, பனியிலயே கிடக்கட்டும், அதுக்குக் குளிர்தான் தாய்ப்பால்" என்றார். "நல்லாத் தூங்குதுங்க" என்றேன். மூன்று வாரமாய் தினம் போனில் அதே கேள்வி, அதே பொய். டாக்டர் வேறு என்னைத் தனியே கூப்பிட்டு, அவர் மனசு பதறவே கூடாதும்மா என்று சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டு விளாஸ்தாவிடம் அழுதேன். "வேற மண்ணைப் போட்டு சீட்டைக் குத்துடி, உன் புருஷன் இத்தனை நாளா வெறும் மண்ணைத்தானே பார்த்துட்டிருக்கார்" என்றாள். அப்படியே செய்தேன், கூரையில் சுரண்டிய பாசியும் ஒட்டினேன். நாளை வருகிறார். எழுத்து கோணியிருந்தால் அவசரம் என்று அர்த்தம். படிப்பு போதாததும்தான்.

சனிக்கிழமை எழுதுகிறேன். வந்துவிட்டார். கோட்டுகூடக் கழற்றாமல் நேரே மலைச்செடி வளர்க்கும் தன் பாறைத் தோட்டத்துக்குப் போய், பூதக்கண்ணாடியை வைத்துச் சட்டியைப் பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு நெஞ்சைத் திறந்து தைப்பது போலிருந்தது. கடைசியில் "இன்னும் ஒரு குளிர்காலம் கேக்குது" என்று நிமிர்ந்தார். ஆகவே மகனே, அதே பூவின் பத்து விதையாவது தேடி விளாஸ்தா பெயருக்கு அனுப்பு, அப்பாவிடம் மூச்சு விடாதே. எந்தப் பாறையிலும் உன் வேர் பிடிக்கட்டும். தொப்பியை மறக்காதே.

உன் அம்மா,
ஸ்டெனா

பி.கு.: ஞாயிறு காலை. அப்பாவுக்கு வெண்ணெய் ரொட்டியில் வெங்காயத்தாள் நறுக்கிப் போட்டேன். இந்த வருஷம் கொஞ்சம் கசக்குதே என்றார். தொட்டியைப் போய்ப் பார்த்தேன். தாள்களுக்கு நடுவே, வெங்காயம் அல்லாத ஆறு குட்டித் தண்டுகள், கத்தரியால் ஒரே மட்டமாய் வெட்டப்பட்டு நின்றன. கசப்பு உடம்புக்கு நல்லது என்றேன். இன்னொரு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.