முப்பத்தாறு இன்ச்

4 பிப்ரவரி 2024, ஞாயிறு

இன்று சர்ச் மருத்துவ முகாமில் இருந்தவர்கள்: நான், மகன் ஜாய்சன், மருமகள் பிளஸ்ஸி, பேத்தி ஜெனி, கூப்பிடாமலே வந்து நின்ற நாத்தனார் தபீதாள், டாக்டர் ஸ்ரீவித்யா. எழுதி வைக்கிறேன். நாளைக்கு யாரும் "நான் அங்கே இல்லையே" என்று சொல்லக் கூடாது.

டாக்டர் ஜாய்சனின் தொப்புளுக்கு நேரே டேப்பைச் சுற்றினார். நாற்பத்தொன்றரை.

"தப்பா அளந்துட்டீங்க டாக்டர். காலேஜ் முடிச்சதுலருந்து எனக்கு முப்பத்தாறுதான். பேன்ட் லேபிளைப் பாருங்க."

"லேபிளுக்கு மட்டும் வயசாகலடா!" என்றாள் தபீதாள். முகாமே சிரித்தது.

நான் சிரிக்கவில்லை. திருமுடிவாக்கத்துக் கம்பெனியில் அவனுக்கு வருடம் இரண்டு பேன்ட் கொடுப்பார்கள். முப்பத்தாறு என்று எழுதிக் கொடுத்து வாங்கி வருவான். "புதுத் துணி, ஒரு தடவை அலசித் தரேன்" என்று நான் வாங்கிக்கொள்வேன். அலசுவேனா? பின் தையலைப் பிரித்து, அகலம் விட்டுத் தைப்பேன். போதாவிட்டால் உள்ளே ஒட்டுத் துணி. ஏழு வருடமாக.

5 பிப்ரவரி

தூக்கமில்லை. தையல் மிஷினுக்கு மூடி போட்டு வைத்திருக்கிறேன், அது வாய் திறந்துவிடும் போல.

10 பிப்ரவரி, சனி

ரத்த ரிப்போர்ட் வந்தது. வெறும் வயிற்றில் சர்க்கரை நூற்றுப் பதினான்கு. இன்சுலின் எக்கச்சக்கம்.

"இன்சுலின் கம்மியானாத்தானே டாக்டர் சுகர் வரும்?" என்று கேட்டான்.

"உங்க இன்சுலின் கத்திக்கிட்டுதான் இருக்கு சார். உடம்புக்குத்தான் காது கேக்கல."

தொப்பைக்குள் இருக்கிற கொழுப்பு சும்மா கிடக்காதாம். ரத்தத்தில் கசிந்து ஈரலிலும் சதையிலும் போய் உட்காருமாம். அப்புறம் இன்சுலின் சொல்வது அதுகளின் காதில் ஏறாது. கணையம் இன்னும் நிறையச் சுரந்து சமாளிக்கும். அதனால் பல வருடம் சர்க்கரை சரியாகவே காட்டும். இன்சுலின் ஏறிக் கிடக்கிறவரை சேர்ந்த கொழுப்பும் லேசில் கரையாது.

எனக்கு விரலில் ஊசி ஏறியது போலிருந்தது. கணையம் செய்ததைத்தானே நானும் செய்தேன்? உள்ளே பிரித்து விடுவது, வெளியே முப்பத்தாறு என்று காட்டுவது.

"இன்னும் சுகர்னு ஆகல. இப்ப உடம்பைக் குறைச்சா திரும்பிடலாம். ஆறு மாசத்துல வாங்க" என்றார்.

இவன் அப்பாவுக்கு அப்படி யாரும் சொல்லவில்லை. ஐம்பத்தொன்றில் சர்க்கரையால் கால் போனது, ஐம்பத்து மூன்றில் அவரே போனார். ஜாய்சனுக்கு நாற்பத்து நான்கு.

11 பிப்ரவரி

சொல்லிவிட்டேன். சாப்பாட்டு நேரத்தில், நாலு பேன்ட்டையும் உள்பக்கம் திருப்பிக் காட்டி.

"ஏழு வருஷமாவாம்மா?"

"இறுக்குதும்மான்னு ஒருநா மூஞ்சியத் தொங்கப் போட்ட. பெத்தவளுக்குத் தாங்கல."

பிளஸ்ஸி சிரித்துப் புரையேறிவிட்டாள். ஜெனி, "ஆயா, நீங்கதான் அக்யூஸ்டு!" என்றது. அவனும் சிரித்தான். கண் மட்டும் சிரிக்கவில்லை.

"இனிமே பிரிக்க மாட்டேன். ஆனா இடுப்பு இறங்கி, பிடிச்சுத் தைக்கிற நாள் வந்தா நான்தான் தைப்பேன். ரயில்வே கேட்டு சவுரிமுத்துகிட்ட போன, தெரியும் சேதி."

1998 அக்டோபரில் என் தையல் வாடிக்கைக்காரியிடமே என்னைப் பற்றி "ஞானஜோதி அக்காவுக்குக் காலர் தைக்க வராது" என்று சொன்ன டைலர் அவன். மறப்பேனா?

8 மார்ச், வெள்ளி

பல்லாவரம் சந்தையில் அவரைக்காய், வாழைத்தண்டு, கொள்ளு. ஜாய்சன் தினமும் ஏரிக்கரையில் ஒரு மணி நேரம் நடக்கிறான். சோறு பாதித் தட்டாகிவிட்டது. தபீதாள் பிளம் கேக்கோடு வந்து, "ஒரு துண்டுல என்ன ஆயிடும்?" என்றாள். என் கல்யாணப் புடவையை மட்டம் என்று சொன்னவள் அல்லவா — 1977 ஜூன் 6. கேக் பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

19 மே

முப்பத்தொன்பதே கால். நானே அளந்தேன், டேப்பை இழுக்காமல்.

10 ஆகஸ்ட், சனி

தொண்ணூற்றாறு! வெறும் வயிற்றுச் சர்க்கரை. இன்சுலினும் இறங்கியிருக்கிறது. "நடையை விட்டுடாதீங்க, விட்டா திரும்ப ஏறும்" என்றார் டாக்டர். தபீதாளுக்குப் போன் போட்டேன். "எங்கண்ணன் மாதிரி ஆகாம பொழைச்சானே" என்று அழுதாள். சரி, புடவை விஷயத்தை விட்டுவிடலாம்.

மிஷினுக்கு எண்ணெய் விட்டு, நீல நூல் கோத்து வைத்தேன்.

12 ஆகஸ்ட்

துவைக்க எடுத்த நீலப் பேன்ட்டைத் திருப்பினேன். பின் தையல் பிடிக்கப்பட்டிருக்கிறது. நாலரை இன்ச். கறுப்பு நூல்! நீலத் துணிக்கு ஊரில் எவன் கறுப்பு நூல் போடுவான்?

"உனக்குக் கண்ணு வலிக்குமேன்னுதாம்மா..." என்று இழுத்தான் ஜாய்சன்.

பெற்ற பிள்ளை, முப்பத்தேழு இன்ச்சில் முன்னால் வந்து நிற்கிறான். அவனை மன்னித்தாயிற்று. ஏழு வருடம் பிரித்த பாவம் என்னுடையது, ஒருநாள் பிடித்த புண்ணியம் இன்னொருவனுக்கா? கறுப்பு நூலை உருவி எறிந்துவிட்டு நீல நூலில் நானே மறுபடி தைத்தேன்.

மன்னிக்காத கணக்கில் இனி ஒரே பெயர்தான். சவுரிமுத்து.