முழங்காலில் தொடங்கும் ஜன்னல்

அன்புள்ள மேஸ்திரியம்மாவுக்கு,

இங்கே நலம். நீ நலமா என்று கேட்கத் தேவையில்லை. உன் கையெழுத்தே துள்ளிக் குதிக்கிறது. அந்தத் திராட்சைத் தோட்டத்தில் போனுக்கு சிக்னல் கிடைக்காததும் நல்லதுக்குத்தான். பேசியிருந்தால் வாய்க்கு வந்ததைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பேன். கடிதத்தில் அடித்துத் திருத்தலாம்.

என் காலில் மாவுக்கட்டு அப்படியேதான் இருக்கிறது. உள்ளே அரிப்பு உயிர் போகிறது. உன் அம்மாவின் பின்னல் ஊசியை விட்டுச் சொறிந்துகொள்கிறேன். அவர் அதை வீடெல்லாம் தேடுகிறார். காட்டிக் கொடுத்துவிடாதே. சாரத்தில் நான் கால் தவறாமல் இருந்திருந்தால் உன்னோடு நானும் வந்திருப்பேன் என்று அவரிடம் தினமும் சொல்கிறேன். அவரும் தினமும், "சரி மாப்பிள்ளை, மாத்திரையப் போடுங்க" என்கிறார்.

நீ அனுப்பிய வரைபடம் வந்தது. சுவைக்கூடம் என்று நீ பெயர் வைத்திருப்பது நன்றாக இருக்கிறது. வருகிறவர்கள் ஒயினை ருசி பார்க்கும் இடத்துக்கு அதைவிட என்ன பெயர் வேண்டும்? ஆனால் உறையைப் பிரித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதில் ஜன்னல் இருந்தது.

நீ சுவர் எழுப்புவாய், நான் ஜன்னல் வெட்டுவேன். இத்தனை வருஷமாக நம் வேலை அப்படித்தானே நடக்கிறது? ஒரு திறப்பும் இல்லாத காகிதத்தை மேஜையில் என் பக்கம் தள்ளுவாய். நான் சிவப்புப் பென்சிலோடு உட்காருவேன். வீடு கட்ட வருகிறவர்கள், இதென்ன ஜெயிலா என்று கேட்டுச் சிரிப்பார்கள். இந்த முறை நீயே வெட்டி அனுப்பியிருக்கிறாய். 'சரிபார்த்துக் கையெழுத்துப் போடுங்க' என்று ஒரு வரி வேறு.

அந்த ஜன்னலும் எப்படிப்பட்டது! கூடத்தின் நீளத்துக்கு ஒன்றே ஒன்று. முழங்காலில் தொடங்கி நெஞ்சில் முடிகிறது. மலையைப் பார்க்க அவ்வளவு தூரம் வருகிறவன் குனிந்து பார்க்க வேண்டுமா? மகராசி சறுக்கிவிட்டாள் என்று நினைத்தேன். பொய் சொல்வானேன், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

நீ தப்பு என்று நிரூபிக்க, செருப்பு வாங்கிய அட்டைப் பெட்டியில் உன் கூடத்தைச் செய்தேன். கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு உள்ளே கண்ணை வைத்தேன். அப்போதுதான் விளங்கியது. நிற்கிற உயரத்தில் பார்த்தால் மலை தெரியவில்லை. கீழே மண், கல், கொடியின் அடித்தண்டு, அவ்வளவுதான். பெஞ்சில் உட்காருகிற உயரத்துக்குக் கண்ணை இறக்கினால் கொடி வரிசைகள் சரிவு முழுக்க இறங்கிப் போய் எதிர்மலை வரைக்கும் விரிகின்றன. வந்தவன் முதலில் மண்ணைப் பார்ப்பான். கிளாஸோடு உட்கார்ந்த பிறகுதான் அவனுக்கு மலை.

எனக்கு வயிறு எரிந்தது. வேறு நல்ல வார்த்தை கிடைக்குமா என்று தேடினேன், கிடைக்கவில்லை. பொறாமைதான்.

அப்படியும் விட்டேனா? ஜன்னல் மேற்கே பார்க்கிறது, சாயங்கால வெயில் நேராக மேஜைக்கு வரும், பாட்டிலெல்லாம் கொதிக்கும் என்று கண்டுபிடித்து, ஒற்றைக்காலில் துள்ளி எழுந்துவிட்டேன். அடுத்த தாளைப் புரட்டினால், தாழ்வாரத்தை நீளமாக இறக்கியிருக்கிறாய். அதற்கும் கீழே வெயில் சாய்வதற்குள் மலை மறைத்துவிடும் என்று ஓரத்தில் குறிப்பும் எழுதியிருக்கிறாய். உன்னை என்னதான் செய்வது?

உன் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "அட்டைப் பெட்டிக்குள்ள என்ன சினிமாவா ஓடுது மாப்பிள்ளை? கண்ணு வேற கலங்கியிருக்கு. பொண்டாட்டிய நெனச்சுப் பெருமையா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். மனுஷனுக்கு மானம் வேண்டாமா?

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். உன் கடிதத்தில் அந்தத் தோட்டத்து முதலாளி வரிக்கு வரி வருகிறார். அவர் உன்னைக் கொடிகளுக்கு நடுவே தரையில் உட்காரச் சொன்னாராம். மண்ணைப் பிசைந்து மோந்து பார்க்கச் சொன்னாராம். அந்த வாசனை ஒயினிலும் வந்ததாம். ஒரு மிடறு குடித்தால் தும்முகிற ஆள் நீ! உனக்கு எப்போதிலிருந்து இந்த மூக்கு? அவர் தனி ஆள் என்றும் எழுதியிருக்கிறாய். அது எந்த அளவுக்கு வேண்டிய விவரம் என்று தெரியவில்லை.

கோபப்படாதே. அவரைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. அவரோடு தரையில் உட்கார்ந்தபோதுதான் அந்த ஜன்னல் உனக்குத் தோன்றியிருக்கிறது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என் எதிரில் உட்கார்ந்து இத்தனை வருஷம் வரைந்தாயே, அப்போதெல்லாம் உனக்கும் ஜன்னல் தோன்றியிருக்குமோ? நான் பென்சிலைக் கையில் எடுத்துவிட்டதால் பேசாமல் இருந்தாயோ? இதைக் கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன்.

அவர் விருந்தினர் வீடுகளையும் ஒயின் வைக்கும் பாதாள அறையையும் உன்னையே கட்டச் சொல்கிறார், இரண்டு வருஷம் அங்கேயே தங்க வேண்டியிருக்கும், ஒத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் என்று ஒரு கடிதம் எழுதினேன். காரணமெல்லாம் பிரமாதமாக வந்திருந்தது. படித்துப் பார்த்தேன், எனக்கே சகிக்கவில்லை. கிழித்துப் போட்டேன்.

ஒத்துக்கொள். வரைபடத்தைத் திருப்பி அனுப்புகிறேன், ஒரு கோடுகூடத் திருத்தவில்லை. கையெழுத்தும் போடவில்லை. ஊடல் என்று நினைத்துவிடாதே. நான் வரையாததில் என் பெயர் எதற்கு? உன் பெயர் மட்டும் இருக்கட்டும். பார்க்கிறவர்கள் யார் கட்டியது என்று கேட்டால் உன்னைக் காட்டட்டும்.

வெயிலில் தொப்பி இல்லாமல் திரியாதே. வேலை மும்முரத்தில் சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. எடுத்தது எல்லாம் உனக்கு நல்லபடியாக முடியட்டும்.

கட்டைப் பிரித்ததும் நான் அங்கே வரட்டுமா? சுவரும் நீயே எழுப்பு, ஜன்னலும் நீயே வெட்டு. நான் வாயே திறக்க மாட்டேன். ஆனால் அளக்கும்போது டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டுமே. அதை மட்டும் அந்த முதலாளியிடம் கொடுத்துவிடாதே.

வா என்று ஒரு வார்த்தை எழுது. கக்கத்தில் தாங்கிக்கட்டையோடு வேண்டுமானாலும் வந்து நிற்பேன்.

உன் பதிலுக்காக வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்,
உன் வீட்டுக்காரன்