ஏப்ரல் பதினெட்டாம் தேதிக் கையெழுத்து

பிளஃப்,
மார்ச் 9.

தம்பி ஹெமிக்கு,

'அன்புள்ள' என்று போடக் கை வரவில்லை, விட்டுவிட்டேன். இங்கே எல்லாரும் சுகம். சிப்பிப் பருவம் தொடங்கி ஒன்பது நாள் ஆகிறது. ஷெட்டில் நின்று சிப்பி உடைத்தே என் கட்டைவிரல் வீங்கிக் கிடக்கிறது. நீ சுகமா என்று கேட்க மாட்டேன். கூடப் பிறந்தவள் மேல் வழக்குப் போடுகிறவன் சுகமாகத்தான் இருப்பான்.

உயிலில் ஆளுக்குப் பாதி என்று அப்பா எழுதியிருக்க, சிப்பிக் கம்பெனியில் அவருக்கிருந்த அறுநூறு பங்கும் உனக்கே என்று ஒரு பங்கு மாற்றுப் படிவத்தை நீட்டினாய். கம்பெனிப் பதிவேட்டில் உன் பெயரை ஏற்ற மாட்டேன் என்றேன். கோர்ட்டுக்குப் போய்விட்டாய். ஜெயித்த மறுநாளே ஆக்லாந்துக்காரர்களுக்கு விற்றுவிடுவாய். படகு போய்விடும், ஷெட்டுக்குப் பூட்டு விழும், பத்தொன்பது பேரோடு நானும் தெருவில் நிற்பேன். இதைச் சொன்னதற்குப் போனில் என்ன சொன்னாய்? "அக்கா, நீ சிப்பிய ஒடச்சுக்கிட்டு இரு. கம்பெனி விஷயமெல்லாம் உனக்கு வெளங்காது."

கோர்ட் அனுப்பிய நகலை மூன்று தடவை படித்தேன். நன்றாகவே விளங்கியது. கையெழுத்து அப்பாவுடையதுதான். எப்போதோ பேங்க் கடனுக்காக வெற்றுப் படிவத்தில் போட்டு பீரோவில் வைத்தது. போன ஜூனில் அவர் செத்த வாரம் அந்த பீரோவைக் குடைந்தவன் நீ. உன் பெயரை எழுதிக்கொண்டாய். அதோடு விட்டாயா? போன வருஷம் ஏப்ரல் 18, பிளஃப் வீட்டுச் சமையலறையில், உன் கண்ணெதிரே கையெழுத்துப் போட்டார் என்றும் எழுதியிருக்கிறாய்.

ஏப்ரலில் அப்பா எங்கே இருப்பார், ஹெமி? நம் ஊரில் பால்குடி மாறாத பிள்ளைக்குக்கூடத் தெரியும். டீட்டிக் கடற்பறவைக் குஞ்சு பிடிக்கத் தீவில் இருப்பார். போன வருஷமும் மார்ச் 30 படகேறினோம், மே 21 திரும்பினோம். படகுக்காரரிடம் பெயர்ப் பட்டியல் இருக்கிறது. பதினெட்டாம் தேதி அடைமழை. குடிசைக்குள் அப்பாவும் நானும் இறகு பிடுங்கிக்கொண்டிருந்தோம். "இந்த வருஷமாவது உன் தம்பி வருவான்னு பார்த்தேன்" என்றார். பதினான்கு வருஷத்தில் ஒரு பருவத்துக்காவது வந்திருந்தால், அந்தத் தேதியைப் போட்டிருப்பாயா நீ?

வக்கீல் ஜூடித் என்னை வாயே திறக்கக் கூடாது என்கிறார். 24ஆம் தேதி காலை பத்து மணிக்கு இன்வர்கார்கில் கோர்ட்டில் நீ கூண்டேறி, சத்தியம் செய்து, அந்தத் தேதியைச் சொல்லட்டுமாம். அதன்பிறகு பட்டியலை நீட்டினால் உனக்கு ஜெயில்தானாம். அதைப் பார்க்க எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் அவருக்குத் தெரியாமல் இதை எழுதுகிறேன். ஏன் என்று கேட்காதே.

வழக்கை வாபஸ் வாங்கு. உன் பாதி உனக்கு. மார்ச் 30 காலை ஆறு மணிக்குப் படகு கிளம்புகிறது. குடிசையில் உன் கட்டில் அப்படியேதான் இருக்கிறது, அப்பா யாரையும் அதில் படுக்க விட்டதில்லை. அங்கே பிறப்பிலேயே உனக்குள்ள இடத்தை எந்தப் படிவத்தாலும் நான் பறிக்க முடியாது, நீயும் விற்க முடியாது. கம்பளிச் சட்டை எடுத்துவா. கடவுள் உனக்கு நல்ல புத்தி கொடுக்கட்டும்.

24ஆம் தேதி காலை பத்து மணி வரை
உன் அக்கா,
எரானா