அப்பா உனக்குச் சொன்ன சதுப்பு

கூசிலம்பி,
ஆகஸ்ட் 17

அன்புள்ள தம்பி வெசாவுக்கு,

அண்ணன் எஸ்கோ எழுதுவது. நீ இங்கிருந்து கிளம்பி இரண்டு வாரம் ஆகிறது. கோதன்பர்க் போய்ச் சேர்ந்தாயா என்று ஒரு வரி இல்லை. உன் மனைவி அன்னிகா நலமாக இருப்பாள் என்று நினைக்கிறேன். இங்கே நானும் நாயும் நலம். வடக்குப் பக்கக் கூரை ஒழுகியதை நானே அடைத்துவிட்டேன். இந்த வீட்டில் ஒழுகுவதெல்லாம் என் பங்கு என்று எப்போதோ முடிவாகிவிட்டது.

கோடை இன்னும் போகவில்லை. ஆகஸ்ட் பாதியில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு விறகு பிளக்கிறேன். அப்பா இருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

என் குறிப்பேட்டைக் கண்டால் உனக்குச் சிரிப்பு. "அண்ணே, பூவுக்கெல்லாம் பொறந்த நாள் எழுதி வெக்கிற ஒரே ஆளு நீதான்" என்பாய். சிரித்துக்கொள். இருபத்தெட்டு வருஷமாக நம் சதுப்புகளில் ஹில்லாப் பழச்செடி பூக்கிற நாளை எழுதி வருகிறேன். முன்பெல்லாம் ஜூன் பத்து, பன்னிரண்டு. இந்த வருஷம் மே இருபத்தொன்பது. வெயிலை நம்பி அவசரப்பட்டுப் பூத்தது. ஜூன் நான்காம் தேதி உறைபனி விழுந்து பூக்களின் நடு கறுத்துப்போனது. தப்பியதும் ஜூலைச் சூட்டில் நான்கே நாளில் பழுத்தது. பட்டாணி அளவு, புளிப்பும் இல்லை மணமும் இல்லை, தொட்டால் கூழ். ஒரு தண்டுக்கு ஒரு பழம்தான் என்பது உனக்கே தெரியும். அது போனால் அந்தத் தண்டுக்கு அந்த வருஷம் போனது.

ஊரே வெறும் வாளியோடு திரும்பியது. நீ மட்டும் இரண்டு வாளி நிறையக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாய். "பரவால்லண்ணே, தேறுச்சு" என்றாய். அடுத்த வீட்டுக் கில்லிக்கி வேலியோரம் வந்து நின்று, "என்ன எஸ்கோ, படிச்சது நீ, பழம் கெடைக்கிறது அவனுக்கா? உங்கப்பா ஆளப் பாத்துத்தான் எடம் சொல்லியிருக்காரு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த வார்த்தையை நான் இன்னும் மென்றுகொண்டிருக்கிறேன்.

ஆளைப் பார்த்துத்தான் சொன்னார். அவர் படுக்கையில் கிடந்த பதினொரு மாதமும் குளிப்பாட்டியவன் நான். நீ ஸ்வீடனிலிருந்து ஒரு சனிக்கிழமை வந்தாய். உன்னை மட்டும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். நான் சமையலறையில் மூன்று பேருக்கும் காபி போட்டுக்கொண்டிருந்தேன். கதவு திறந்தபோது உன் முகத்தைப் பார்த்தேன். சதுப்பு உனக்குப் போய்விட்டது என்று புரிந்தது. பத்தொன்பது வருஷம் ஆகிறது. அந்தக் காபியின் கசப்பு இன்னும் போகவில்லை.

காரணம் எனக்குத் தெரியும். பல்கலைக்கழகத்தில் கடைசி ஆண்டு ஆய்வேட்டில் ஏரிக்குப் பின்னால் இருந்த நம் பழைய சதுப்பை வரைபடத்தோடு குறித்தேன். படிப்பில் அதுதான் முறை. மைத்துனனிடம்கூடப் பழம் இருக்கும் இடத்தைச் சொல்லாத ஊரில், யாரும் பின்தொடராதபடி வண்டியைத் தேவாலயத்தடியில் நிறுத்திவிட்டு எதிர்த்திசையில் நடக்கிற ஊரில், நான் அதை அச்சில் போட்டேன். அடுத்த கோடையில் அங்கே பன்னிரண்டு வெளியூர் வண்டிகள் நின்றன. அப்பா திட்டவில்லை. "நல்லா வரைஞ்சிருக்கேப்பா" என்றார். அதற்குப் பிறகு சாகும்வரை என்னைப் பழம் பறிக்கக் கூப்பிடவே இல்லை. தானே புதிதாக ஓர் இடம் தேடிக்கொண்டார். அந்த இடத்தைத்தான் உனக்குக் கொடுத்தார்.

இப்போது நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். ஜூலை இருபதாம் தேதி காலையில் உனக்குத் தெரியாமல் உன் பின்னாலேயே வந்தேன். நீ தேவாலயத்தடியில் வண்டியை நிறுத்தினாய். சரியாக அப்பாவைப் போலவே எதிர்த்திசையில் கொஞ்சம் நடந்து, பிறகு திரும்பினாய். ஒரு மணி நேரம் நடந்திருப்போம். பத்தொன்பது வருஷமாக நான் மனதில் வரைந்து வைத்திருந்த இடத்தைக் கண்ணால் பார்த்தேன். நிழல் இல்லாத வெட்டவெளி. பாசி காய்ந்து வெளுத்திருந்தது. இலைகளின் ஓரம் கருகியிருந்தது. ஒரு பழம் இல்லை. நீ வெறும் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டாய். கொசுவைக்கூட விரட்டவில்லை.

பொய் சொல்ல மாட்டேன், முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அன்று மாலை நீ நிறைந்த வாளிகளோடு வந்தாய். சுட்ட பாலாடைக்கட்டியோடு தட்டில் வைத்தபோது பார்த்தேன், பழங்களின் அடியில் பச்சைக் காம்பிலை ஒட்டிக்கொண்டிருந்தது. அப்பாவிடம் பழகிய கை காம்பிலையைச் செடியிலேயே விட்டுவிட்டுத்தான் பழத்தை எடுக்கும். அவை வடக்கே எங்கோ பழுக்காமல் சிவப்புக் காயாக இருக்கும்போதே பறித்து, வாளியில் பழுக்கவைத்து, சாலையோரம் விற்ற பழங்கள். "நல்லா இருக்கு" என்று சொல்லித் தின்றேன். நீயும் "நம்ம சதுப்பாச்சே" என்றாய். ஐம்பது தாண்டிய இரண்டு பேர் ஒரே மேசையில் உட்கார்ந்து இப்படிப் பொய் சொல்லிக்கொண்டோம். இது எத்தனை வருஷமாக நடக்கிறது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கிளம்பும்போது வண்டிக் கண்ணாடியை இறக்கி, "அடுத்த வருஷம் பாக்கலாம்ண்ணே, அன்னிகா ஸ்பெயின் போகணுங்கிறா" என்றாய். அன்று முதல் எனக்குச் சரியான தூக்கம் இல்லை. நீ இங்கே வருவது பழத்துக்காக. என்னைப் பார்க்க யாரும் எல்லை தாண்டி வர மாட்டார்கள், அது எனக்குத் தெரியும். பழம் இல்லையென்றால் உனக்கு இந்த ஊரில் என்ன வேலை?

ஆகையால் கேள். என்னிடம் ஓர் இடம் இருக்கிறது. வடக்குச் சரிவு, உயரமான ஊசியிலை மரங்களின் நிழல், அடியில் குளிர்ந்த ஊற்று. பனி அங்கே கடைசியாகத்தான் உருகும், அதனால் பூ தாமதமாக வரும், உறைபனிக்கும் தப்பிவிடும். நீ வெறும் வாளிமேல் உட்கார்ந்திருந்த அதே வாரத்தில் நான் அங்கே ஒரு வாளி பறித்து நிலவறையில் ஒளித்து வைத்தேன். இரண்டு கோடையாக யாரிடமும் சொல்லவில்லை. குறிப்பேட்டில்கூடத் தேதி மட்டும்தான், இடம் இல்லை.

இந்தக் கடிதத்திலும் எழுத மாட்டேன். ஒரு தடவை காகிதத்தில் எழுதிப் பட்டது போதும். நீ வந்தால் கூட நடந்து காட்டுகிறேன். ஒரு புட்டி பழம் தனியாக அனுப்பியிருக்கிறேன். காம்பிலை இருக்கிறதா என்று பார்.

அப்பா உன்னிடம் சொன்னது எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறும் என்றும் தோன்றவில்லை. அது வேறு, இது வேறு.

உடம்பைப் பார்த்துக்கொள். அன்னிகாவையும் கேட்டதாகச் சொல். ஜூலைக் கடைசி வாரத்தில் வா. வண்டியைத் தேவாலயத்தடியில் நிறுத்தாதே. வீட்டு வாசலிலேயே நிறுத்து.

உன் அண்ணன்,
எஸ்கோ