பத்திரத்துக்கு முன்னே பொங்கிய பால்

வாடகை வீட்டிலேயே கண்ணை மூடிய என் அம்மாவுக்கு,

இன்று காலை உன் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்துவிட்டேன். ஆணி அங்கேயே இருக்கிறது. கோபுரம் தெரிகிற ஜன்னலுக்கு எதிரே உன்னை ஆனிக் கடைசியில் மாட்டினேன். ஆடி முடிவதற்குள் இறக்கிவிட்டேன். கோபமா? கோபம் வந்தால் நீ பேச மாட்டாய், பாத்திரத்தைப் போட்டு உருட்டுவாய். அந்தச் சத்தமும் இப்போது கேட்பதில்லை.

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், மூன்றாவது மாடி ஃபிளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தேன். ஆஸ்பத்திரி லேப்பில் ரத்தம் எடுத்து எடுத்துச் சேர்த்த பணம், உன் வளையல்கள், எல்லாம் அதில் போயிற்று.

ஏன் அவசரப்பட்டேன் என்று உனக்குச் சொன்னால் புரியும். சித்தி மகள் மாலதி, ஆவணியில் புது வீட்டில் பால் காய்ச்சுவதாக வாட்ஸப்பில் பத்திரிகை அனுப்பினாள். பார்த்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் என்னைவிடச் சின்னவள். மாமனார் மனை கொடுத்தார், சித்தப்பா கட்டிக் கொடுத்தார், அவள் டைல்ஸுக்கு நிறம் தேர்ந்தெடுத்தாள்.

சித்தி மேலூர் சாலையில் வீடு கட்டிக் குடிபோன நாள் நினைவிருக்கிறதா? பந்தியில் பரிமாறினாய், சிரித்தாய், ஒவ்வொரு சுவரையும் தொட்டுப் பார்த்தாய். திருவானைக்காவல் வாடகை வீட்டுக்குத் திரும்பியதும், "அடுப்படில காத்தே வரலடி. என்னத்த கட்டுனாளோ" என்றாய். காற்று நன்றாகத்தான் வந்தது அம்மா. நானும் அங்கேதானே நின்றேன். நீ எனக்கு எழுதி வைக்காமலே விட்டுப்போன சொத்து அந்த வயிற்றெரிச்சல்தான்.

அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? ஸ்ரீரங்கத்தில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் முதல் கேள்வி, "நீங்க என்ன ஆளுங்க?" அடுத்தது, "நான்வெஜ் செய்வீங்களா?" அப்புறம் எனக்கென்று தனியாக ஒன்று, "இன்னும் கல்யாணம் ஆகலையா?" நாம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு கருவாடு வறுத்த ஊர் இது. பிறந்த வீட்டு மொட்டை மாடியிலேயே கோபுரம் கிடைத்தவர்கள் எனக்குப் பொறாமை கூடாதென்று சொல்ல வேண்டாம். நான் வேறு என்ன செய்ய வேண்டுமாம்?

பில்டர் என் அவசரத்தைச் சரியாகப் பிடித்துக்கொண்டார். "ஆடி பொறந்துட்டா ஒண்ணும் பண்ண முடியாது மேடம். இப்பவே பாலக் காய்ச்சிடுங்க, பத்திரம் மெதுவா போட்டுக்கலாம்" என்றார். மாலதிக்கு முன்னால் என்பது மட்டும்தான் என் மண்டையில் ஏறியது. அடுப்பும் சிலிண்டரும் அவரே கொண்டுவந்து வைத்தார். பால் நன்றாகப் பொங்கியது. சித்தி வந்தாள். நீ செய்ததைப் போலவே ஒவ்வொரு சுவராகத் தொட்டுப் பார்த்தாள். அந்த நிமிஷத்துக்காக நான் இன்னொரு தடவை ஏமாறவும் தயார்.

அதற்குப் பிறகுதான் வங்கிக் கடனுக்காக இன்ஜினியர் வந்தார். பிளானை விரித்துப் பார்த்துவிட்டு வெறும் சுவரில் பென்சிலால் தட்டினார்.

"மேடம், அனுமதி ரெண்டு மாடிக்குத்தான் இருக்கு. நீங்க நிக்கிறது மூணாவது. இந்த மாடி பேப்பர்லயே இல்லைங்க."

"அப்ப லோன்?"

"இல்லாத வீட்டுக்கு எப்படிங்க லோன் குடுக்கிறது?"

கீழே இறங்கி ஒவ்வொரு கதவாகத் தட்டி விசாரித்தேன். கீழ் மாடிக்காரர்கள் வக்கீலோடு வந்தவர்கள். பத்திரம் பதிந்த பிறகுதான் பால் காய்ச்சியிருக்கிறார்கள். மேலே எங்கள் மாடியில் எல்லா வீட்டிலும் பால்தான் முதலில், பத்திரம் யாருக்குமே இல்லை. எல்லாருக்கும் அதே அடுப்பு, அதே சிலிண்டர். பால் காய்ச்சிய வீட்டை நம் ஆட்கள் விட மாட்டார்கள் என்று தெரிந்தே பில்டர் செய்திருக்கிறார். குடும்பத்தில் முதல்முதலாக வீடு வாங்குகிறவர்களுக்கென்றே கட்டிய மாடி அது.

விஷயம் தெரிந்து சித்தி போன் செய்தாள். "பால் காய்ச்சின வீட்ட யாராச்சும் விடுவாங்களாடி? ஊரு சிரிக்காதா?" குரலில் கவலை இருந்தது. அதற்கு அடியில் ஒரு குளிர்ச்சியும் இருந்தது. உன் மகளுக்கா அது தெரியாது?

நான் உடனே விட்டுவிடவில்லை. யார் வந்து இடிக்கப்போகிறார்கள், கோபுரம் தெரிகிறதே, வெளியில் வட்டிக்கு வாங்கியாவது முடித்துவிடலாம் என்றெல்லாம் யோசித்தேன். அப்போதுதான் பில்டர் ஒரு வழி சொன்னார்.

"உங்க லேப்ல வேலை பாக்குறாங்களே, விஜி. பால் காய்ச்சுனப்ப வந்தாங்கல்ல? இதே மாதிரி வேற வீடு இருக்கான்னு என்கிட்ட கேட்டாங்க. அவங்கள இதுக்குக் கூட்டிட்டு வாங்க. உங்க அட்வான்ஸ் அன்னிக்கே உங்க கையில."

விஜி அன்றைக்கு ஜன்னலோரம் நின்றதை நான் பார்த்தேன். கையிலிருந்த பால் ஆறிப்போயிருந்தது, அவள் குடிக்கவில்லை. மாலதியின் பத்திரிகையைப் பார்த்தபோது என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். ஒரு வார்த்தை போதும், அவள் ஓடி வருவாள், நான் தப்பித்துவிடுவேன். உன்னிடம் என்ன மறைப்பு? அந்த வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்தது.

கடைசியில் டீக்கடையில் வைத்து அவளிடம் உள்ளதைச் சொன்னேன்.

"நான் வாங்கிடக் கூடாதுன்னுதானேக்கா சொல்றீங்க?"

"அந்த மாடியே பிளான்ல இல்லடி."

"பால் காய்ச்சறப்ப மட்டும் இருந்துச்சா?"

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் இன்ஜினியர் முன்னால் நிறுத்தினேன். அவர் விளக்கியதும் பிளானில் மாடிகளை விரலால் எண்ணிப் பார்த்துவிட்டு, வீடு கேட்பதை விட்டுவிட்டாள். ஆனாலும் இப்போது என்னோடு டீ குடிக்க வருவதில்லை. அவள்மேல் எனக்குக் கோபமில்லை. அவளுடைய இடத்தில் நான் இருந்தால் இன்ஜினியரையும் நம்பியிருக்க மாட்டேன்.

இன்று காலை வீடு வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு, உன் படத்தை எடுக்க மாடி ஏறினேன். பில்டர் பின்னாலேயே வந்தார். "போட்டோவ எடுக்காதீங்க மேடம், நல்லதில்ல."

"பேப்பர்ல இல்லாத வீட்ல எங்கம்மா இருக்க மாட்டாங்க" என்றேன்.

பொய்தான். நீ இருந்திருப்பாய். கோபுரத்தைக் காட்டுவதற்காகவே தினமும் சித்தியை வரச் சொல்லியிருப்பாய். என்னம்மா, இல்லையா?

அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டு வக்கீல் நோட்டீஸ் போகிறது. பணம் வருமா என்று தெரியவில்லை. வராவிட்டால் கோர்ட்டுக்குப் போவேன். மேல் மாடியில் இருக்கும் மற்றவர்களிடமும் சொல்லிவிட்டேன். ஒருவர் என்னோடு வருகிறேன் என்றார், மற்றவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

இப்போதைக்கு நீ பீரோ மேல் இரு. ஒருநாள் நம் வீட்டிலும் பால் பொங்கும். பத்திரம் பதிந்த மறுநாள், நம் அடுப்பில். அந்த வீட்டுச் சுவரில்தான் உன்னை இனி மாட்டுவேன், இது சத்தியம். அதற்கு முன்னால் ஆவணியில் மாலதி வீட்டுக்குப் போவேன். பந்தியில் பரிமாறுவேன், சிரிப்பேன், ஒவ்வொரு சுவரையும் தொட்டுப் பார்ப்பேன். திரும்பி வந்து, அடுப்படியில் காற்றே வரவில்லை என்று உன்னிடம் சொல்வேன். நீ நம்ப வேண்டும்.

உன் வயிற்றெரிச்சலுக்கு ஒரே வாரிசான மகள்,
கலா