ஒரு சாண் தூரத்தில் கடல் சாமந்தி

நவம்பர் 8

பள்ளி முடிந்து வந்தால் சமையலறை மேசை மேல் ஒரு தெர்மாகோல் பெட்டி. எதிரே அபா, என் மாமியார், கையைக் கட்டிக்கொண்டு, திருடனைப் பிடித்து வைத்த போலீஸ்காரர் போல உட்கார்ந்திருந்தார்.

"உன் புருஷன் கொரியாவுலேருந்து போன் பண்ணி வாங்கியிருக்கான். கடைக்காரன் கொண்டாந்து குடுத்துட்டுப் போனான். உள்ள உசிரோட ஏதோ இருக்காம். நான் தொறக்கல. பாம்பா இருந்தா என்ன பண்றது?"

பாம்பு இல்லை. தண்ணீர்ப் பையின் அடியில் சுருண்டு கிடந்த சிவப்புச் சதைக்கட்டி. கடல் சாமந்தி, பூப் போல விரியும் கடல் பிராணி.

நேற்று எங்கள் கல்யாண நாள். எர்மெக் பேசவில்லை. அதற்குப் பதில் இது போலிருக்கிறது.

விதாலி செர்கேயிச்சுக்குப் போன் செய்தேன். எங்கள் பிஷ்கெக் நகரில் கடல் தொட்டிப் பைத்தியம் பிடித்த எல்லோருக்கும் அவர் கடைதான் கதி.

"என் தொட்டி தொண்ணூறு லிட்டர்தான், இதுக்கு எடம் பத்தாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். உன் வீட்டுக்காரன்கிட்டயும் சொன்னேன். கேக்க மாட்டேங்கிறான். நான் கடை வெச்சிருக்கேன் சைரா. வேணும்னு நிக்கிறவனை எத்தனை தடவ வேணாம்னு விரட்டுறது?"

பையிலேயே விட்டால் செத்துவிடும். தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்கி, இடது ஓரப் பாறை இடுக்கில் இறக்கினேன். வேறு என்ன செய்ய?

நவம்பர் 9

எர்மெக் கூப்பிட்டான். "ஆச்சரியமா இருந்துச்சா?" இருந்தது என்றேன். பொய்யில்லை.

நவம்பர் 16

விரிந்துவிட்டது. ஒவ்வொரு விரலின் நுனியிலும் ஒரு குமிழ், விளக்கொளியில் மாதுளை முத்துப் போல. கோமாளி மீன்கள் இரண்டும் அதற்குள் புகுந்து முதுகைத் தேய்த்துக்கொள்கின்றன. இத்தனை நாள் பம்புக்குப் பக்கத்தில் குளிரில் நிற்பவை போல ஒட்டிக்கொண்டு தூங்கியவை. அழகுதான். அழகில்லை என்று யார் சொன்னது?

எர்மெக், "கேமராவ அங்க திருப்பு" என்றான். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். போனை வைப்பதற்கு முன் அபா எப்படி இருக்கிறார் என்று கேட்டான். அடுத்து என்னைப் பற்றிக் கேட்பான் என்று நின்றேன். சிக்னல் போய்விட்டது. அல்லது வைத்துவிட்டான்.

தொட்டியை என்னிடம் விட்டுக் கொரியாவுக்குக் கிளம்பும்போது அவன் சொன்னது: நீ ஒண்ணும் பண்ண வேணாம், ஆவியாப் போற தண்ணிய ஊத்து போதும். இரண்டு குளிர்காலமாக உப்பு அளப்பதும், கால்சியம் பார்ப்பதும், கண்ணாடி துடைப்பதும் நான். பள்ளியில் வேதியியல் நடத்தும் எனக்கு இது கஷ்டமில்லை. ஆனால் எப்போது இது என்னுடையதாக ஆனது என்று யோசித்தால் தெரியவில்லை. தொட்டியில் இருக்கும் சுத்தியல் பவளம் அவன் எனக்காக வாங்கியது. அவன் போகும்போது இரண்டே தலை. இப்போது ஒரு சின்னப் பூங்கொத்து. காலையில் அது விரிவதைப் பார்க்காமல் நான் தேநீர் குடிப்பதில்லை.

நவம்பர் 29

நகர்கிறது!

நேற்று இரவு இடுக்கில் இருந்தது. இன்று காலை பாறையின் உச்சியில். சுத்தியல் பவளத்துக்கு ஒரு சாண் தூரம். சாமந்தியின் விஷ விரல் பட்டால் பவளம் வெந்துபோகும். இன்னொரு பக்கம் பம்ப். அதற்குள் இழுபட்டால் அது கூழாகிவிடும், அந்தக் கூழ் மொத்தத் தொட்டியையும் கொன்றுவிடும். பாத்திரம் தேய்க்கும் புது ஸ்பாஞ்சை வெட்டி பம்பின் வாயைச் சுற்றிக் கட்டினேன்.

"அதுக்குக் கால் இருக்குதா?" என்றார் அபா.

"அடிப்பக்கமே கால்தான், அபா."

"ஒரே எடத்துல நிக்காதுன்னு சொல்லு. எம் மவன் மாதிரி."

சிரித்தேன். பிறகு வகுப்பின் நடுவே இரண்டு முறை சூத்திரத்தைத் தப்பாக எழுதினேன்.

டிசம்பர் 6

சாயங்காலம் கரண்ட் போயிற்று. எங்கள் வட்டாரம் முழுக்க இருட்டு. அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் ஆறாததால் தண்ணீர் குளிரும் பயமில்லை, மீன்களின் மூச்சுக்குத்தான் பயம். பேட்டரியில் ஓடும் காற்றுக்குழாயைப் போட்டேன். அபா டார்ச் பிடித்தார்.

"புள்ளைக்குக் காவல் இருக்கிற மாதிரி இருக்கியே. இந்த அக்கறைக்கு ஒரு புள்ளையப் பெத்திருந்தா இன்னேரம் ஸ்கூலுக்கே போயிருக்கும்."

"உங்க மவன் இங்க இருந்தாத்தானே, அபா."

அபா டார்ச்சை மீன்கள் பக்கம் திருப்பினார். எனக்கு முப்பத்தாறு என்பது அவருக்கும் தெரியும்.

கரண்ட் வந்ததும் பம்ப் உறுமிக்கொண்டு ஓடியது. பார்க்கிறேன், சாமந்தி பாறையிலிருந்து பிடியை விட்டு மிதந்து ஸ்பாஞ்சின் மேல் ஒட்டிக் கிடக்கிறது. ஸ்பாஞ்ச் இல்லையென்றால்? பிளக்கைப் பிடுங்கி, அகப்பையால் அணைத்துப் பழைய இடுக்கில் விட்டேன்.

டிசம்பர் 9

மறுபடி ஏறிவிட்டது. பவளத்தின் இரண்டு தலைகள் போயின. பழுப்பு நிறச் சளி மட்டும் தொங்குகிறது. நாற்றம்.

டிசம்பர் 10

சொன்னேன். எர்மெக்கிடம் கண்ணீர் வராமல் சொன்னேன்.

"அப்ப பவளத்தத் தூக்கி வேற எடத்துல வை."

"எங்க வைக்க? தொண்ணூறு லிட்டர்ல எந்த எடம் தூரம்? சாமந்தியத்தான் நான் திருப்பிக் குடுக்கணும்னு..."

"ஏய், திருப்பியெல்லாம் குடுக்காத. ரெண்டே மாசம். பிப்ரவரில நானே வந்து பெரிய தொட்டி கட்றேன். அதுவரைக்கும் சமாளி, சைரா. உனக்குத் துணையா இருக்கட்டும்னுதானே அனுப்புனேன்."

துணை. சரி. பிப்ரவரிதானே. சமாளிக்கிறேன். பவளத்தை வலது கோடியில் மணல் மேல் வைத்தேன். அங்கே வெளிச்சம் போதாது. முகம் வாடிக் கிடக்கிறது.

டிசம்பர் 17

கடைக்குப் போய் செர்கேயிச்சிடம் கேட்டேன். அறுநூறு லிட்டர் தொட்டி வைத்திருக்கிறார், அதில் இதே இனம் நாலைந்து. "கொண்டா, வெச்சுக்கிறேன். ஆனா அவன் என்கிட்ட வந்து சண்ட போடக் கூடாது. உங்க வீட்டுக்குள்ள முடிவு பண்ணிட்டு வா." அப்படியே, "பிடுங்கி எடுக்காத. அடி கிழிஞ்சா பொழைக்காது" என்றார்.

உங்க வீட்டுக்குள்ள. எங்கள் வீட்டில் முடிவு எங்கே எடுக்கப்படுகிறது என்று அவருக்குத் தெரியாது.

முடிவெடுக்காமலே திரும்பினேன். இரண்டு மாதம். ஓட்டிவிடலாம்.

டிசம்பர் 22

சந்தையில் ஜில்டிஸைப் பார்த்தேன். அவள் கணவனும் எர்மெக்கும் அதே தொழிற்சாலை, ஒரே அறை. காய்ந்த பாதாமிப் பழத்துக்குப் பேரம் பேசிக்கொண்டே சொன்னாள்:

"எப்படிடி மனசத் தேத்திக்கிட்ட? எங்க வீட்டுல நான் தட்டு உடைச்சேன். இன்னும் ரெண்டு வருஷம்னா என்ன அர்த்தம்?"

"என்ன ரெண்டு வருஷம்?"

அவள் முகத்தைப் பார்த்தாலே போதும். பாதாமியைப் போட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்னும் இரண்டு வருஷம் அங்கே வேலை செய்ய இருவரும் சேர்ந்தே கையெழுத்துப் போட்டார்களாம். அக்டோபர் கடைசியில்.

அக்டோபர் கடைசி. நவம்பரில் சாமந்தி வந்தது.

டிசம்பர் 23

பரிசா அது? சமாதானமா? குழந்தை அழுறதுக்கு முன்னாடியே வாயில மிட்டாய வைக்கிற மாதிரியா? பிப்ரவரில பெரிய தொட்டி கட்றேன்னானே - அப்பவும் அவனுக்குத் தெரியும். சொல்லிக்கிட்டே இருந்தான். முகத்தப் பாக்காம தொட்டியையே பார்த்தான், ஏன்னா முகத்தப் பாத்தா சொல்லணும்.

பள்ளிக்கு விடுப்பு. எனக்குத் தலைவலி என்று அபாவிடம் சொன்னேன்.

அபாவுக்குத் தெரியுமா? அதுதான் இப்போது பயம்.

டிசம்பர் 25

எர்மெக்கிடம் பேசினேன். அபா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டு அதே அறையில்தான் இருந்தார். இருக்கட்டும் என்று விட்டேன்.

"ரெண்டு வருஷமாமே" என்றேன்.

இயந்திரச் சத்தத்தை விட்டு அவன் விலகி நடப்பது கேட்டது.

"யார் சொன்னது? ஜில்டிஸா? சைரா, நேர்ல வந்து சொல்லலாம்னு... நமக்காகத்தானே? சொந்த வீடு வேணாமா?"

"எனக்கு முப்பத்தாறு எர்மெக். வீட்டுல யாரு இருப்பா?"

"அதத்தான்... போன்ல எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அந்தப் பூவப் பாத்தப்ப, நான் இல்லாத நேரத்துல உனக்கு..."

"என்னைக் கேக்காம ரெண்டு விஷயம் முடிவு பண்ணிட்ட. ஒண்ண நான் திருப்பிக் குடுக்கப் போறேன். இன்னொண்ண நீ என்ன பண்ணப் போறேன்னு யோசிச்சுக்கோ."

போனை மேசையில் வைத்தேன். மாவுக் கையோடு அபா எடுத்தார்.

"டேய். உங்கப்பன் மேய்ச்சலுக்குப் போனா எப்ப வருவேன்னு சொல்லிட்டுப் போவான். சொன்ன நாளுக்கு வரலேன்னா ஆள் அனுப்புவான். நீ போனக் கையில வெச்சுக்கிட்டு உன் பொண்டாட்டிக்கும் தாய்க்கும் பொய் சொல்றியா? நான் ஊரெல்லாம் பிப்ரவரில எம் மவன் வர்றான்னு சொல்லி வெச்சிருக்கேன்டா!"

அப்படியானால் அவருக்கும் தெரியாது. அழைப்பைத் துண்டிக்கத் தெரியாமல் திரை முழுக்க மாவு அப்பினார். நான் துண்டித்தேன். இருவரும் உட்கார்ந்தோம். ரொட்டி அன்று உப்பவே இல்லை.

டிசம்பர் 28

எடுத்துவிட்டோம்.

அது பாறையின் பிளவுக்குள் அடியை நுழைத்துக்கொண்டு பிடிவாதமாக இருந்தது. பாறையோடு தூக்கலாம் என்றால் அதன் மேல்தான் மொத்த அடுக்கும் நிற்கிறது. படித்ததை வைத்து ஒரு வழி: அடிப்பக்கம் பாறையில் பனிக்கட்டியை ஒற்றினால் குளிர் தாங்காமல் தானே விடுமாம். அபா பால்கனியிலிருந்து பனிக்கட்டி உடைத்துச் சின்னப் பையில் கட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். என் கை முழங்கை வரை தண்ணீரில்.

ஒரு ஓரம் சுருங்கும், மறு ஓரம் இறுகும். நகத்தால் நெம்பலாமா என்று ஒரு கணம் கை துடித்தது. நெம்பவில்லை.

"கோவத்துல இழுத்துடாதே, பொண்ணே," என்றார் அபா, என் நினைப்பைப் படித்தது போல. "அது என்ன பண்ணுச்சு? அனுப்புனவன் மேல கோவம்னா அவன் மேல காட்டு."

"காட்டிட்டேனே."

"எங்க காட்டுன. நான்தான் கத்துனேன். நீ பாடம் நடத்துற மாதிரி பேசிட்டு வெச்சுட்ட." அடுத்த பையை நீட்டினார். "புள்ளையப் பத்தி உன்னை ரொம்பக் குத்திட்டேன் போல. அவனக் குத்தியிருக்கணும்."

நான் பதில் சொல்லத் திரும்பினேன். அப்போது உள்ளங்கையில் ஏதோ கனத்தது. அது பிடியை விட்டு என் கையில் விழுந்திருந்தது. கிழியவில்லை. விரல் நுனிகளில் பிசுபிசுவென்று ஒட்டியது, கொஞ்சம் எரிந்தது. மீன்கள் இரண்டும் என் மணிக்கட்டைக் கொத்தின.

டிசம்பர் 29

செர்கேயிச் தொட்டியில் விட்டோம். அபாவும் வந்தார், வழியெல்லாம் சாமந்தி வாளியை மடியில் வைத்துக்கொண்டு. "இது பிழைக்கும்" என்றார் செர்கேயிச். அபா அந்தப் பெரிய தொட்டி முன் நின்று, "இவ்வளவு எடம் இருந்தா யாருக்கும் சண்ட வராது" என்றார்.

ஜனவரி 12

எர்மெக் பேசவில்லை. குறுஞ்செய்தி மட்டும்: சாப்பிட்டியா. சாப்பிட்டேன் என்று எழுதினேன். அதற்கு மேல் என்ன எழுத?

மீன்கள் மறுபடி பம்புக்குப் பக்கத்தில் தூங்குகின்றன. அவற்றிடம் மன்னிப்புக் கேட்கத் தோன்றுகிறது.

பிப்ரவரி 20

அவன் வருவதாக இருந்த வாரம். வரவில்லை.

அபா வீட்டில் இருப்பதை எல்லாம் துவைத்துக் காயப்போட்டார், வேலையில் கோபத்தைத் தீர்ப்பவர் போல. நான் விடைத்தாள் திருத்தினேன்.

மார்ச் 4

நீளமாகப் பேசினான். கேமராவை எங்கேயும் திருப்பச் சொல்லவில்லை. மேலாளரிடம் கேட்டிருக்கிறானாம், பாதியில் விலகினால் என்ன ஆகும் என்று. முகம் இளைத்திருக்கிறது. அழுதானா, வெளிச்சம் சரியில்லையா, தெரியவில்லை. நான் அதிகம் பேசவில்லை. ஆனால் வைக்கவும் இல்லை.

ஏப்ரல் 3, வியாழன்

எர்மெக் விடுப்பில் வந்து ஒரு வாரமாகிறது. முதல் நாள் வெறும் தூக்கம். இரண்டாம் நாள் தொட்டி முன்னால் குந்தி உட்கார்ந்து மிச்சமிருந்த பவளத் தலைகளை எண்ணினான்.

நேற்று கேட்டான். இலையுதிர் காலம் வரை மட்டும் போய்வந்தால் அபராதம் இல்லாமல் விடுவித்துவிடுவார்களாம். இப்போதே விட்டுவிட்டாலும் விடலாம், கைக்காசு கொஞ்சம் போகும், அவ்வளவுதான்.

"போகட்டுமா, வேணாமா? நீ சொல்றதுதான். வேணாம்னா டிக்கெட்டக் கிழிச்சுடறேன்."

"ஞாயித்துக்கிழம சொல்றேன்."

"அபா?" என்று அம்மாவைப் பார்த்தான்.

"என்னைக் கேக்காத. நான் அவ கட்சி."

இன்று சாப்பிடும்போது இரண்டு மூன்று முறை என் முகத்தைப் பார்த்தான். அவசரப்படுத்தவில்லை. தேநீர் கேட்டான். எங்கள் ஊரில் வழியனுப்பும் விருந்தாளிக்குத்தான் கிண்ணம் நிறைய ஊற்றுவோம்; இருக்க வேண்டியவருக்கு அரைக் கிண்ணம், மறுபடி கேட்கும்படி. நான் அரைக் கிண்ணம் ஊற்றி நீட்டினேன். குடித்துவிட்டு மறுபடி நீட்டினான்.